தெரியாத சேதிக்குப் பூட்டு இல்லை

"பேர் சுண்டு. வயசு இருபத்தஞ்சு. நிக்கிற இடம் சலவைக் கூடத்துக்குப் பின்பக்கம், லாரியில வர்ற அழுக்கு மூட்டைய இறக்குற முற்றம்."

ஒரு கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, கைப்பேசியை வாயருகே வைத்துச் சொன்னான். சொன்னது எழுத்தாகித் திரையில் ஓடியது. ஈர விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியாது. அதனால் விரல் செய்ய வேண்டிய வேலையை அவனுக்கு வாய்தான் செய்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொன்னது இப்படித்தான் பலித்தது.

குடும்பக் குழுவுக்குத் தினமும் அவன் அனுப்புகிற வரிகள் இவை. புதிதாகப் பார்க்கிறவர்கள், பையன் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிறான் என்று நினைப்பார்கள். அது கோயில் படியில் நிற்கிறவன் பேசும் முதல் பேச்சு என்பது அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுண்டுவின் அப்பா பூசாரி. செவிசாய்த்த அம்மனின் நடையை மாலையில் சாத்துவதற்கு முன்னால், அன்றைய சேதியை அம்மனுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் படுக்கையில் விழுந்தார், யார் போய்ச் சேர்ந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசி வரியாக, வெளியே போனவர் யார், எப்போது வருவார் என்று சொல்லி முடிக்க வேண்டும். சிலைக்குக் கண் மூடியிருக்கும். தலை ஒருபக்கம் சாய்ந்து, இடது காது வாசலைப் பார்த்திருக்கும். கண்ணால் ஆளை அறியாதவளுக்குக் காதால்தானே அறிவிக்க முடியும்? அதனால் சொல்ல வருகிறவர் முதலில் தன் பெயரையும் வயதையும் நிற்கிற இடத்தையும் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கோயிலில் மணி கிடையாது. மணிச் சத்தத்தில் யாருடைய அழுகையாவது கேட்காமல் போய்விடக் கூடாது என்பார்கள்.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. அந்தப் படியில் நின்று பொய் சொன்னவர் மறுபடி அந்த நடையைத் திறக்கக் கூடாது, ஆயுசுக்கும்.

சுண்டு இந்த வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, நடை சாத்துகிற நேரத்தில் அவன் அக்கா கைப்பேசியைப் படியில் வைத்துவிடுவாள். அங்கே பொழுது சாய்கிறபோது இங்கே வெயில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கும். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது டீ நேரம். அவனுக்கு அது சேதி நேரம். அப்பா அடுக்கிக்கொண்டே போவார். நடுவில் அம்மாவின் குரல் பக்கத்திலிருந்து நுழையும். "தச்சர் வீட்டு மாடு காணாமப் போச்சே, அத விட்டுட்டீங்க." அப்பா கனைத்துக்கொண்டு மாட்டையும் சேர்த்துக்கொள்வார். கடைசி வரி என்றும் ஒன்றுதான். "சின்னவன் வெளியே இருக்கான். பேப்பர் கைக்கு வந்ததும் வருவான்."

பேப்பர் என்பது அவன் இங்கே தங்குவதற்கான அனுமதி. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். அது வருவதற்குள் எல்லையைத் தாண்டிப் போனால், போனது போனதுதான். திரும்பி உள்ளே வர முடியாது. அக்கா வீட்டுக் கடன், தன் எதிர்காலம், இரவல் படுக்கையில் தூங்கிய காலமெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

சில நாட்களாக அந்த மாலைக் குரல் வரவில்லை. அக்காவைக் கேட்டால், கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டது என்கிறாள். அப்பாவின் எண் அணைந்தே கிடக்கிறது. அம்மாவோ சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாளாம், அங்கே சிக்னல் இல்லையாம். ஒன்று நடந்தால் அகஸ்மாத்து என்று விடலாம். மூன்றும் சேர்ந்து நடந்தால்?

சுண்டு சும்மாவே நிழலைக் கண்டு குடை தேடுகிறவன். இப்போது மூன்றையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான்.

இன்றைக்கு அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. அக்காவின் புருஷன் ஊர் திரும்பிவிட்டார்.

மச்சான் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வீட்டில் வண்டி ரெண்டு இருக்கு, பிரேக் ஒண்ணுகூட இல்ல என்பது அம்மாவின் தீர்ப்பு. மச்சானுக்கு ஊரில் ஹாரன் என்று பெயர். அவரிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. சுண்டு கூப்பிட்டபோது அவர் குளித்து முடித்துக் கோயிலுக்குத்தான் நடந்துகொண்டிருந்தார்.

"அட மாப்ள. ஃபோன் வரலியா? சரி விடு, நான் கொண்டுபோய் வைக்கறேன்" என்றார், இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

வைக்கவும் செய்தார். கல் மேல் கைப்பேசி உரசுகிற சத்தம் கேட்டது. எண்ணெய் கொதித்து விளக்கு சடசடக்கிற சத்தம்கூடக் கேட்டது. மாமா, உங்க பையன் லைன்ல இருக்கான் என்று மச்சான் சொன்னதும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா கனைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, தூரத்திலிருந்து வருகிற மாதிரி அவர் குரல் வந்தது. "இன்னைக்கு நீங்க சொல்லுங்க மாப்ள."

வீட்டு மாப்பிள்ளையும் சேதி சொல்லலாம். வழக்கத்தில் இடம் உண்டு. ஆனால் யாரும் மச்சானைச் சொல்லச் சொன்னதில்லை. அம்மனுக்குக் காது வலிக்கும் என்று அம்மா கேலி செய்வாள். மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"பேர், எல்லாரும் ஹாரன்னு கூப்பிடறது. வயசு நாப்பது. இல்ல தாயே, நாப்பத்தி ஒண்ணு முடிஞ்சிடுச்சு. நிக்கிற இடம் படிக்குக் கீழ."

சுண்டு தன்னை மீறிச் சிரித்துவிட்டான். மச்சான் ஊருக்குள் நுழையும்போது காதில் விழுந்ததை எல்லாம் கொட்டினார். பிறந்தது, இறந்தது, நடுவில் தன் லாரி டயர் வெடித்தது, முதலாளியிடம் ரெண்டு டயர் என்று சொல்லி வைத்தது, உண்மையில் வெடித்தது ஒன்றுதான் என்பது வரைக்கும். பிறகு குரல் தாழ்ந்தது. மச்சானின் குரல் தாழ்ந்து சுண்டு கேட்டதே இல்லை.

"இப்ப வீட்டுச் சேதி. அத்தை வீட்ல இல்ல. எங்கன்னு கேட்டேன், எம்பொண்டாட்டி வாயத் தொறக்கல. மாமாவும் சொல்லல. சித்தி வீட்டுக்குன்னு சொன்னாங்க. ஆனா அத்தையோட கண்ணாடி கட்டில்லயே கெடக்கு. கண்ணாடி இல்லாம அவங்க வாசப்படிகூடத் தாண்ட மாட்டாங்க. அதனால எங்கன்னு எனக்குத் தெரியாது தாயே. தெரியாததத் தெரியாதுன்னுதானே சொல்லணும்."

படிக்கட்டில் யாரோ ஓடி வருகிற சத்தம். அக்காவின் மூச்சு. யார் லைன்ல என்று கேட்டாள். மச்சான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

முற்றத்தில் அழுக்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இடைவேளை முடிந்ததற்கு அடையாளமாகக் கூடத்தின் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

*

விடுதிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூட்டு உருளைக்குள் செலுத்தித் தேய்ப்பது அங்கே வேலை. விரிப்பின் இரண்டு முனையை அவன் பிடிப்பான். மற்ற இரண்டு முனையை எதிரே ஓர் அம்மாள் பிடிப்பார். இரண்டு பேரும் ஒரே இழுப்பில் இழுத்து உருளையின் வாயில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் தொய்ந்தால் மறு பக்கம் சுருங்கும். அந்த அம்மாளுக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு அவர் மொழி தெரியாது. துணி வழியாகத்தான் பேச்சு. இன்று அவனுக்கு உடம்பு சரியில்லை, இன்று அவருக்குக் கோபம் என்பதெல்லாம் இழுப்பில் தெரிந்துவிடும்.

விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. சுண்டுவின் மனம் படியிலேயே நின்றது.

தெரியாது என்ற சொல் அந்தப் படியில் சாதாரணச் சொல் அல்ல. கோயில் உண்டானதே அந்தச் சொல்லில்தான் என்பது அவன் கேட்டு வளர்ந்த கதை. கட்டடம் இல்லாத காலம். ஆற்றங்கரையில் ஒரு கல் மட்டும் நின்றது. தம்பி அக்கரைக்குப் பிழைக்கப் போனான். அக்கா தினமும் பொழுது சாயும்போது வந்து, அன்றைக்கு நடந்ததை எல்லாம் அந்தக் கல்லிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவன் திரும்பி வரும்போது ஒரு நாள்கூட அவனுக்கு விட்டுப்போகக் கூடாது, கல் நினைவு வைத்துச் சொல்லும் என்று எண்ணம். ஒருநாள் வெள்ளம் வந்தது. தம்பி இருக்கிறான் என்றார்கள் சிலர், இல்லை என்றார்கள் சிலர். அவள் கல்லின் முன்னால் நின்று, எனக்குத் தெரியாது என்றாள். அன்றைக்கு வீட்டுப் படல் கதவைச் சாத்தவில்லை. விடிந்து வந்து பார்த்தபோது, நேராக நின்ற கல் அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

தம்பி வந்தானா என்று கதையில் கிடையாது. கேட்டால் அப்பா, அவன் வர்றதுக்குத்தான் கதவு இன்னும் இருக்கே என்பார்.

பிறகு கல்லுக்கு முகம் செதுக்கினார்கள். உப்பு வியாபாரிகள் சேர்ந்து கருங்கல் மண்டபம் எழுப்பினார்கள். இடையில் ஒரு செல்வந்தர் சிலையை நிமிர்த்தி வைக்கிறேன் என்று கயிறு கட்டினாராம். கயிறுதான் அறுந்தது. வாசல் நிலைக்குக் கீழே எழுத்து வெட்டிய ஒரு கல் இருக்கிறது. சேதி சொல்கிற முறை அதில் எழுதியிருக்கிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. படித்தவர்கள் வந்து படித்துவிட்டு, யாரோ விளக்குக்கு எண்ணெய் கொடுத்த விவரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் சரியாகப் படிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டது.

அந்தக் கதையிலிருந்து வந்த வழக்கம் இது. படியில் ஒருவர் தெரியாது என்று சொல்லிவிட்டால், அந்தச் சேதி தெரிகிற வரைக்கும் நடையைப் பூட்டக் கூடாது. யாருக்குத் தெரியாதோ அவர் வாயாலேயே, தெரிஞ்சுது என்று வர வேண்டும்.

அப்படியென்றால் அங்கே இப்போது கதவு திறந்து கிடக்கிறது. அப்பா என்ன செய்துகொண்டிருப்பார்?

உருளை கிறீச்சிட்டது. அவன் பக்கம் தொய்ந்துபோய், விரிப்பு முறுக்கிக்கொண்டு உள்ளே மடிந்தது. எதிரே நின்ற அம்மாள் சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் அடங்கியபோது அவன் சட்டைப் பையில் கைப்பேசி துடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகத் துடித்ததோ. அந்த அம்மாள் சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு முறுக்கிய விரிப்பைத் தானே பிடித்து நிதானமாக இழுக்கத் தொடங்கினார். வாசலைக் கண்ணால் காட்டினார்.

*

அக்கா பேசினாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். உட்கார் என்றாள். அவன் நின்றான்.

"அம்மா எங்கக்கா?"

"ஆஸ்பத்திரியில."

அவன் எதிர்பார்த்த சொல்தான். எதிர்பார்த்தது வந்தால் வலிக்காது என்று யார் சொன்னது.

நெஞ்சில் வால்வு பழுதாம். மூச்சு விட முடியாமல் ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாளாம். நாளைக் காலையில் ஆபரேஷன். சித்தி கூட இருக்கிறாள். அவசரத்தில் கொண்டுபோனதால் கண்ணாடியை விட்டுவிட்டார்கள். கைப்பேசி தண்ணீரில் விழவில்லை. அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றுகிற வேகத்தில் சொல்லி முடித்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"அம்மாதான் சத்தியம் வாங்கிட்டாடா. எங்கிட்டயும் அப்பாகிட்டயும். சின்னவனுக்குத் தெரிஞ்சா போட்டது போட்டபடி கெளம்பி வந்து நிப்பான், பாதிக் கெணறு தாண்டின கதையாயிடும்னு சொன்னா. ஆபரேஷன் முடியட்டும், நானே அவங்கிட்டப் பேசிக்கறேன்னா."

"முடியலன்னா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தீர்களா என்று கேட்க அவன் வாயெடுத்தான். கேட்கவில்லை. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அக்கா அழுதால் மூக்கு உறிஞ்ச மாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள்.

மூச்சு திரும்பியதும் அவள் அடுத்ததைச் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவைப் பார்த்துப் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைசி பஸ் கிளம்பப் போகிறது. அப்பாவோ கோயில் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இவருக்குச் சொல்லிட்டேன். இவரும் படியில நின்னு அழுதுகிட்டே தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு. அப்பா பூட்டணும்ல? மாட்டேங்கறாரு. தெரியாதுன்னு சொன்னப்ப அந்தப் படியில ரெண்டு பேர் நின்னாங்க, ஒருத்தர்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்கன்றாரு. ரெண்டாவது ஆள் யாருன்னா, உன் பேரச் சொல்றாரு. ஃபோன்ல நின்னாலும் நின்னதுதானாம். பேரு, வயசு, எடம் எல்லாம் குரூப்புல அனுப்பியிருந்தியாமே, இவரு ஃபோன்ல காட்டியிருக்காரு. நேரங்கெட்ட நேரத்துல சட்டம் பேசறாருடா."

சுண்டு சுவரில் சாய்ந்தான். சுவர் சூடாக இருந்தது. மறுபக்கம் உலர்த்தும் இயந்திரங்கள்.

அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது மெல்லத்தான் ஒன்றுகூடியது. அம்மாவிடம் செய்த சத்தியத்தை அவரால் மீற முடியாது. படியில் நின்று அம்மா சுகம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் சுவர். அந்த இடுக்கில் நின்றுகொண்டு அவர் தேர்ந்தெடுத்தது யாரை? ஊரிலேயே பெரிய வாயை. ஒன்றும் தெரியாத வாயை. மச்சானின் வாய் எப்படிப்பட்டது என்று அப்பாவுக்குத் தெரியாதா? கட்டிலில் கிடக்கும் கண்ணாடியை அவர் எடுத்து மறைக்காமல் விட்டது மறதியா?

தன் வாயால் சொல்ல முடியாததை அப்பா வழக்கத்தின் வாயால் சொல்லியிருக்கிறார். இப்போது மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஃபோனப் படியில வைக்கா" என்றான்.

*

கல்லில் உரசும் சத்தம். பிறகு அமைதி. எங்கோ ஒரு குழந்தையின் பேச்சு கேட்டது, யாரோ அதட்டி அடக்கினார்கள். சேதி சொல்லும்போது அம்மாவைத் தவிர அங்கே யாரும் பேசுவதில்லை.

"கேக்குது. சொல்லு" என்றார் அப்பா.

சுண்டு மற்றக் கையுறையையும் கழற்றினான். செருப்பு இல்லாமல் நிற்க வேண்டும் என்று நினைவு வந்தது. ரப்பர் பூட்ஸை உதறிவிட்டு, ஈரச் சிமெண்டில் காலுறையோடு நின்றான். மூட்டை இறக்குகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"பேர் சுண்டு. வயசு இருபத்தஞ்சு. நிக்கிற இடம் முற்றம், அழுக்குத்துணி மூட்டைங்களுக்கு நடுவுல."

கைப்பேசியை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்கா தாயே. நாளைக்குக் காலைல நெஞ்சுல ஆபரேஷன். எங்கிட்ட மறைச்சாங்க. எம்மேல இருக்கிற பாசத்துல மறைச்சாங்க. எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுது."

பழைய பழக்கம். நடுவில் நிறுத்தி, பக்கத்திலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும் என்று காத்திருந்தான். மாடு காணாமல் போனதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பாக்கி இருந்தது கடைசி வரி. வெளியே போனவர் யார், எப்போது வருவார். இத்தனை காலமும் அவனுக்காக அப்பா சொன்ன வரி. இன்று அவனே சொல்ல வேண்டும். பேப்பர் கைக்கு வந்ததும் வருவேன் என்று சொல்லலாம். அம்மா கேட்டது அதைத்தான். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது? இன்றைக்கே கிளம்புகிறேன் என்று சொல்லலாம். கிளம்பியது தெரிந்தால் அம்மா ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்து உட்காருவாள். எதைச் சொன்னாலும் செய்துதான் ஆக வேண்டும். தெரியாது என்று சொல்லவும் வழி இருந்தது. மச்சானுக்கு அது பொருந்தியது. அவனுக்குப் பொருந்தாது. அவனுக்குத் தெரியும். வருவதா, இருப்பதா, எது என்று தெரியும். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரியும்.

"கடைசி வரி பாக்கி இருக்குப்பா" என்றான். "அத நான் அம்மாகிட்டதான் சொல்லணும். அவ கேட்டதுக்கு அப்புறம் இங்க சொல்றேன்."

அங்கே நீளமாக ஒரு மூச்சு. அப்பா அவனைத் திட்டுவார் என்று நினைத்தான். கடைசி பஸ்ஸைச் சொல்வார் என்று நினைத்தான்.

"சரிப்பா" என்றார் அப்பா. "அதுவரைக்கும் தொறந்தே இருக்கட்டும்."

காவலுக்கு மச்சான் இருந்துகொள்வதாக ஏற்பாடு ஆயிற்று. கொசு கடிச்சா அந்தச் சேதியையும் நானே சொல்லிக்கறேன் என்று அவர் மூக்கடைத்த குரலில் சொன்னது கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அக்கா வேனை எடுத்தாள். பஸ்ஸை நம்ப வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கதவுகள் மூடுகிற சத்தம் கேட்டது. வேன் கதவுதான்.

அவன் திரும்பி உள்ளே வந்தபோது, எதிரே நின்ற அம்மாள் முறுக்கிய விரிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டு அவன் இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தனி ஆளாக இரண்டு முனைகளுக்கும் நடந்து நடந்து பிடித்துக்கொண்டிருந்தார். அவன் முனைகளை வாங்கினான். அவர் வழக்கத்தைவிட மெதுவாக இழுத்தார். அந்த இழுப்புக்கு அவனால் ஈடு கொடுக்க முடிந்தது.

சித்தியைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. வார்டில் சத்தத்தை அணைத்து வைத்திருப்பாள். மறுபடி கூப்பிட்டான். அப்பாவின் எண் இன்னும் அணைந்தே கிடந்தது. அக்கா வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள், எடுக்கவும் கூடாது.

அடுத்த வண்டித் துணி வருவதற்குள் கிடைத்த இடைவெளியில், இயந்திரத்தின் பின்னால் ஒதுங்கிக் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனான். உருளைச் சத்தத்தில் எழுத்துகள் தடுமாறின. அழித்தான். மறுபடி சொன்னான், ஒவ்வொரு சொல்லாக. குடும்பக் குழுவில் அது போய் விழுந்தது.

"பேர் சுண்டு. வயசு இருபத்தஞ்சு. நிக்கிற இடம் தேய்க்கிற மெஷினுக்குப் பின்னாடி. அம்மாகிட்ட கண்ணாடி இல்ல, அவளால இதப் படிக்க முடியாது. அதனால இதப் படிக்கிறது அப்பாவோ, அக்காவோ, சித்தியோ, சித்தி ஃபோன எடுத்துப் பாக்கிற நர்ஸம்மாவோ, யாரா இருந்தாலும் சரி, எனக்கு ஒரு கால் போட்டு ஃபோன அம்மா காதுல வைங்க. கடைசி வரிய நான் அவகிட்டச் சொல்லணும். அவ பேச வேண்டாம். கேட்டாப் போதும்."